குடி நீங்காத் தேவதானம்

இராசபாளையத்திலிருந்து தென்காசி நோக்கிச் செல்லும் வழியில், சேற்றூரை அடுத்து, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் தேவதானம் என்னும் ஊர் உளது. மலையினின்று இழியும் நீர் பாய்ந்து வயல்கள் விளையும் வளமுடையது. இங்கு எழுந்தருளியுள்ள இறைவன் நச்சாடை தவிர்த்தவர் என்றும், இறைவி தவம்பெற்ற நாயகி என்றும் வழங்கப் பெறுவர். சங்கரன்கோயில், கரிவலம்வந்தநல்லூர், தாருகாபுரம், தென்மலை என்னும் நான்கு தலங்களோடு இதனையும் சேர்த்து, ஐம்பூதத் தலங்கள் என்று தென்பாண்டி நாட்டார் போற்றுவர். அவற்றுள் வானுக்குரிய தலம் இதுவே.

சோழன் ஒருவன் பகைமை காரணமாக நஞ்சு தோய்ந்த ஆடையொன்றைப் பாண்டியனுக்குப் பரிசிலாக விடுத்தான் என்பதும், இறைவன் அத்தீங்கைத் தவிர்த்தருளினான் என்பதும் தலபுராணச் செய்தி. கொடை என்று வந்ததனுள் கொலை மறைந்திருந்தது. கதை எவ்வாறாயினும் ஆகுக. கொடுத்ததைக் கண்டு மகிழ்வதற்கு முன் அதனுள் இருப்பதை ஆராய வேண்டும் என்னும் எண்ணம் இவ்வூரின் வாசலிலேயே எழுந்துவிடுகிறது. ஊரின் பெயரும் ஒரு கொடையைக் குறிப்பதே.

தேவதானம் என்பது கோயிலுக்கு விடப்பட்ட நிலம். இது கல்வெட்டுகளில் ஆயிரம் இடங்களிற் பயிலும் சொல். இப்பெயருடைய ஊர்கள் தமிழ்நாட்டில் வேறும் உள. பார்ப்பனருக்கு விடப்பட்ட நிலம் பிரமதேயம் எனவும், சமண பௌத்தப் பள்ளிகளுக்கு விடப்பட்டது பள்ளிச்சந்தம் எனவும், மடங்களுக்கு விடப்பட்டது மடப்புறம் எனவும், வேளாண் குடிகள் தமக்குரியதாகக் கொண்டு வரியிறுத்த நிலம் வெள்ளான்வகை எனவும் பெயர்பெற்றன. இச்சொற்களை அடுக்கி நோக்கினால், இடைக்காலத் தமிழகத்தின் சமுதாயம் ஒரு நிலப்படமாகக் கண்முன் விரியும்.

ஒரு நிலத்தை இறைவனுக்கு விடுதல் என்றால் என்ன? மண்ணை எடுத்துக் கருவறையில் வைத்தல் இயலாது. நிலம் இருந்த இடத்திலேயே இருக்கும். அதில் விளைந்த நெல்லில் அரசனுக்குச் சேர்ந்துவந்த பங்கு இனிக் கோயிற் பண்டாரத்திற்குச் சேரும். அரண்மனைக்கு வரியில்லை, ஆதலின் அது இறையிலி எனப்பட்டது. அந்நெல்லைக் கொண்டு திருவிளக்கு எரிந்தது, திருவமுது ஆயிற்று, பூத்தொடுப்போர், பறைகொட்டுவோர், குயவர், வண்ணார், கணக்கர் எனப் பலர் உண்டனர். 1010-ஆம் ஆண்டில் தஞ்சைப் பெரிய கோயிலை முடித்த முதல் இராசராசன், பிற தலங்களிலிருந்து 400 தளிச்சேரிப் பெண்டுகளைக் கொணர்ந்து குடியேற்றி, ஒருவருக்கு ஆண்டொன்றுக்கு 100 கலம் நெல் விளையும் பங்கு அளித்தான். திருப்பதியம் பாடவும் உடன் கொட்டவும் ஐம்பதின்மரை அமர்த்தினான். இத்தனை வாய்க்கும் நெல் எங்கிருந்தோ வரல் வேண்டும் அன்றோ? தேவதான ஊர்களிலிருந்து வந்தது. அவ்வூர்களில் அதனை விளைவித்தவர் உழவர்.

இங்கேதான் கல்வெட்டுகளில் வரும் இரண்டு தொடர்களை மாணவர் ஊன்றிக் கற்றல் வேண்டும். ஒன்று குடிநீங்காத் தேவதானம். மற்றொன்று குடிநீக்கித் தேவதானம். முன்னதில், நிலத்தை வழிவழியாக உழுதுவந்த குடிகள் அங்கேயே இருப்பர். அவர்கள் அளக்கும் நெல் சேரும் இடம் மட்டும் மாறும். பின்னதில், பழங்குடிகளின் உரிமை நீக்கப்பட்டு, உழுவிக்கும் உரிமையும் கோயிலையே சாரும். நீங்கா, நீக்கி என்னும் இரண்டு வினைவடிவங்களுக்கும் எழுத்தளவில் வேறுபாடு சிறிது. இலக்கணம் கற்பார் அதனை எதிர்மறைப் பெயரெச்சம் என்றும் வினையெச்சம் என்றும் பிரித்துக்கூறி மேற்செல்வர். ஆனால் அந்த ஊரில் ஏர்பிடித்தவனுக்கு அவ்வேறுபாடு, மறுநாள் விடியலில் தன் வயலுக்குப் போவதா, மூட்டை கட்டிக்கொண்டு ஊரை விட்டுப் போவதா என்பதாகும். இரண்டு கொடையாலும் இறைவனுக்குக் கிடைத்த விளக்கு ஒளியில் ஒன்றே. உழவனுக்குக் கிடைத்தது ஒன்றன்று.

இக்காலத்தில் மேலைநாடுகளிலும் இவ்வாறே நிலம் இறைவன் பெயருக்குச் சென்றுகொண்டிருந்தது. ஐரோப்பிய வரலாற்றாசிரியர் ஏறத்தாழ 500 முதல் 1500 வரையுள்ள ஆயிரம் ஆண்டுகளை இடைக்காலம் என்பர். உரோமப் பேரரசு மேற்கே வீழ்ந்தபின் ஆட்சி சிதறியது. வலியவன் கோட்டை கட்டினான்; எளியவன் அவன் காவலில் ஒதுங்கினான். அச்சிதைவிடையே எழுத்தையும் ஏட்டையும் காத்தவர்கள் கிறித்தவத் துறவியர். ஆறாம் நூற்றாண்டில் இத்தாலி நாட்டுப் பெனடிக்டு முனிவர் வகுத்த ஒழுங்கின்படி வாழ்ந்த மடங்கள் நாடெங்கும் எழுந்தன. வழிபாடும் உழைப்பும் அவர்கள் கடமைகள். காடு திருத்தினர், நூல்களைப் படியெடுத்தனர், வழிப்போக்கருக்குச் சோறும் நோயாளிக்கு மருந்தும் அளித்தனர். இந்நன்மைகளை மறைத்து எழுதுவது நேர்மையாகாது.

910-ஆம் ஆண்டில் அக்குவித்தேன் நாட்டுக் கோமகன் வில்லியம், பிரான்சில் குளூனி என்னும் இடத்தில் ஒரு மடத்துக்கு நிலம் கொடுத்தான். தானும் தன் வழியினரும் வேறெந்த மன்னரும் அந்நிலத்தில் தலையிடுதல் கூடாது என்று சாசனம் எழுதுவித்தான். மீறியவனை நிலம் வாய்பிளந்து விழுங்குக என்றும், தன் தலைவனைக் காட்டிக்கொடுத்த யூதாசின் கதி அவனுக்கு வருக என்றும் அதில் சாபம் உளது. அப்பொழுது சோழநாட்டை ஆண்டவன் முதற் பராந்தகன். நம் நாட்டுக் கல்வெட்டுகளும், இத்தன்மத்தை அழித்தவன் கங்கைக் கரையிற் பசுவைக் கொன்ற பாவத்தை அடைவான் என்று முடிவதுண்டு. ஒருவர் பெயரை ஒருவர் கேட்டறியாத இரண்டு நாட்டாரும், கொடுத்த நிலத்தைப் பிற்காலத்தார் பறிப்பர் என்றே அஞ்சினர். வாளினும் சாபம் நெடுநாள் நிற்கும் என்றே நம்பினர். அவ்வச்சம் பொய்யாகவில்லை என்பதைப் பின்வந்த வரலாறு காட்டும்.

நிலம் பெருகிற்று. 1086-ஆம் ஆண்டில் இங்கிலாந்தை வென்ற நார்மானிய மன்னன் வில்லியம், நாடெங்கும் அலுவலரை அனுப்பி, எந்நிலம் எவரிடம் உளது, ஏர் எத்தனை, மாடு எத்தனை என்று எண்ணி எழுதுவித்தான். அவ்வேட்டின்படி அந்நாட்டின் நிலவருவாயில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு திருச்சபைக்குரியது. அதே ஆண்டில் தமிழ்நாட்டில் முதற் குலோத்துங்கன் நிலம் அளப்பித்தான் என்பது எண்ணி மகிழத்தக்க ஒற்றுமை. அதற்கு முன்னரே இராசராசன் அளப்பித்த அளவையில் நிலத்தின் நுண்ணிய பின்னங்கள் வரை கணக்கிடப்பட்டிருந்தன.

ஐரோப்பிய உழவருள் பெரும்பாலார் பண்ணையடிமைகளாக இருந்தனர். சந்தையில் விற்கப்படும் அடிமையினின்றும் அவர்கள் வேறானவர்கள். தமக்கெனச் சிறு நிலமும் குடிசையும் உடையவர்கள். ஆயினும் நிலக்கிழானின் இசைவின்றி ஊரை விட்டு அகலவோ, மகளை மணஞ்செய்து கொடுக்கவோ இயலாது. கிழமையில் இரண்டு மூன்று நாள் கிழானுடைய வயலில் கூலியின்றி உழைத்தல் வேண்டும். விளைவில் பத்தில் ஒரு பங்கு திருச்சபைக்கு அளத்தல் வேண்டும். குடும்பத் தலைவன் இறந்தால், தொழுவத்திலுள்ள மாடுகளுள் சிறந்ததைக் கிழான் ஓட்டிச்செல்வான். அடுத்ததைப் பல ஊர்களில் கோயிற்குரு கொண்டுசெல்வார். கணவனை இழந்தவள் வெறுந்தொழுவத்தைப் பார்த்து நின்றாள். நம் கல்வெட்டில் குடி நீங்காமை உழவனுக்குக் காப்பாக இருந்தது. அங்கே குடி நீங்க இயலாமை அவனுக்குத் தளையாக இருந்தது. ஒரே தொடர் இடத்திற்கேற்பப் பொருள் மாறிய விந்தை இது.

அந்நிலக்கிழான் பல இடங்களில் ஒரு பிரபு அல்லன், ஒரு மடமே. மடத்துத் தலைவர் செபம் செய்பவரும் ஆவார். வாரம் வாங்குபவரும் ஆவார்.

நிலம் பெரும்பொருளாகிய இடத்தில் அதற்குரிய சான்றும் பெரும்பொருளாயிற்று. இதற்குப் பாண்டிய நாடு ஓர் அரிய எடுத்துக்காட்டினைத் தருகிறது. பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி, கொற்கைகிழான் நற்கொற்றன் என்பானுக்கு வேள்விக்குடி என்னும் ஊரைக் கொடுத்தான். அது பிரமதேயம். பின்னர்க் களப்பிரர் வந்து நாட்டைக் கைக்கொண்டபொழுது அவ்வுரிமை அழிந்தது. பல தலைமுறைகள் கழிந்தன. எட்டாம் நூற்றாண்டில், பராந்தக நெடுஞ்சடையன் மதுரையில் ஆண்ட மூன்றாம் ஆண்டில், ஒரு நாள் அரசன் உலாப்போந்த வழியில் ஒருவன் நின்று முறையிட்டான். அவன் நற்கொற்றன் வழியில் வந்த காமக்காணி நற்சிங்கன். எம் முன்னோர்க்கு நும் முன்னோர் அளித்த ஊர் பறிபோயிற்று என்பது அவன் வழக்கு. அரசன் முறுவலித்தான். உடனே கொடுத்துவிடவும் இல்லை, ஓட்டிவிடவும் இல்லை. அதன் பழைமையை நாட்டாரைக் கொண்டு மெய்ப்பித்துப் பெற்றுக்கொள்க என்றான். அவன் மெய்ப்பித்தான், ஊரைப் பெற்றான். இவையெல்லாம் வேள்விக்குடிச் செப்பேட்டில் எழுதப்பட்டுள்ளன.

அச்செப்பேடு அரசர் பெருமையை விரிவாகக் கூறும். கொடுத்தவன், பெற்றவன், பறித்தவன், மீட்டவன் யாவரும் அதில் உளர். இடைப்பட்ட நூற்றாண்டுகளில் வேள்விக்குடி வயலை உழுதவன் யார், ஊர் கைமாறியபொழுது அவன் கதி யாது என்பவற்றிற்கு அதில் ஒரு வரியும் இல்லை. செப்பேடு வெட்டுவிக்கும் செல்வம் உழவனிடம் இல்லை.

ஐரோப்பாவிலோ சான்றின் வரலாறு வேறு வகையாகச் சென்றது. உரோமப் பேரரசன் கான்சுடன்டைன், மேற்குப் பேரரசு முழுவதையும் போப்பாண்டவருக்குத் தானமாக எழுதிக்கொடுத்தான் என்று கூறும் ஓர் ஆவணம் வழங்கிவந்தது. உலகில் எழுதப்பட்ட தேவதானங்களுள் மிகப் பெரியது எனல் தகும். ஒரு வயலன்று, ஓர் ஊரன்று, பாதிப் பேரரசு! போப்பாண்டவர்கள் மன்னர்களோடு வழக்காடியபொழுது இதனைச் சான்று காட்டியதுண்டு. 1440-ஆம் ஆண்டில் இத்தாலியப் புலவர் உலோரென்சோ வல்லா அவ்வாவணத்தை ஆராய்ந்து, அது பொய் என்று நிறுவினார். அவர் கையிலிருந்த கருவி இலக்கணமே. நான்காம் நூற்றாண்டில் எழுதப்பட்டதாகக் கூறும் ஏட்டில், அக்காலத்து இலத்தீனில் வழங்காத சொற்களும் தொடர்களும் இருந்தன. உரோமில் இல்லாத பாரசீகப் பதவிப்பெயர் உரோம அலுவலர்க்குச் சூட்டப்பட்டிருந்தது. எழுதியவன் எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தவன் என்பது இன்று அறிஞர் பலரின் கொள்கை. பேரரசர் படைகள் அசைக்க இயலாத ஒன்றை ஒரு மொழியாசிரியர் சொல்லாராய்ச்சியால் அசைத்தார். இலக்கணப் பாடத்தைச் சுவையற்றதென்று எண்ணும் மாணவர் வல்லாவை நினைப்பது நலம்.

மன்னருக்கும் திருச்சபைக்கும் நேர்ந்த போராட்டத்தின் வேரும் நிலமே. ஆயர் ஒருவர் சமயத்தலைவர். அதே பொழுது பல ஊர்களை ஆளும் நிலத்தலைவர். அவரை அமர்த்தும் உரிமை போப்பாண்டவரைச் சார்ந்ததா, மன்னனைச் சார்ந்ததா? ஏழாம் கிரகோரி என்னும் போப்பாண்டவர் இவ்வினாவை எழுப்பிச் செருமானிய மன்னன் நான்காம் என்றியைச் சமயத்தினின்று விலக்கினார். விலக்குண்ட மன்னனைக் குறுநிலத்தலைவர்கள் கைவிடத் தொடங்கினர். 1077-ஆம் ஆண்டு சனவரித் திங்களில், உறைபனியில், கானோசா என்னும் இத்தாலியக் கோட்டையின் வாயிலில் மன்னன் மூன்று நாள் வெறுங்காலுடன் நின்று மன்னிப்பு வேண்டினான். மன்னிக்கப்பட்டான், பின்னர் வலிமை பெற்றதும் அப்போப்பாண்டவரையே உரோமை விட்டு அகலச் செய்தான். மோதிரமும் கோலும் திருச்சபை அளிப்பன, நிலவுரிமையைக் குறிக்கும் செங்கோல் மன்னன் அளிப்பது என்று 1122-இல் வோர்ம்சு நகரில் உடன்பாடு ஏற்பட்டது. ஆயரை இரண்டாகப் பகுக்க இயலாமையால், அவர் பெறும் அடையாளப் பொருள்களை இரண்டாகப் பகுத்தனர்.

இங்கிலாந்து மன்னன் முதலாம் எட்வர்டு 1279-இல் இயற்றிய சட்டத்தால், மன்னன் இசைவின்றித் திருச்சபைக்கு நிலம் விடுதல் தடுக்கப்பட்டது. அவ்வாறு சென்ற நிலத்தை அவர்கள் இறந்தோன் கையில் உள்ள நிலம் என்பர். மடத்துக்கு இறப்பில்லை; வாரிசும் இல்லை. உரியவன் இறந்து, மகன் பட்டம் ஏற்கும்பொழுது மன்னனுக்கு வரவேண்டிய பொருள் அங்கே என்றும் வாராது. இறந்தவன் கை பற்றியதை விடுவதில்லை.

தமிழகத்தில் அரசனும் கோயிலும் இவ்வாறு மோதவில்லை. இங்கே கோயில்கள் அனைத்துக்கும் தலைமை பூண்ட ஒரு பீடம் இல்லை. கொடுத்தவனும் அரசனே, கணக்குக் கேட்டவரும் அவன் அலுவலரே. ஆதலால் தமிழகம் பூசலின்றி வாழ்ந்தது என்று மயங்குதல் கூடாது. பூசல் வேறிடத்தில் இருந்தது. 1071-ஆம் ஆண்டளவில், முதற் குலோத்துங்கன் பட்டமேற்ற தொடக்கத்தில், இராசமகேந்திரச் சதுர்வேதிமங்கலம் என்னும் ஊரில் வலங்கையாரும் இடங்கையாரும் பொருதனர். ஊர் தீக்கிரையாயிற்று, கோயில்கள் இடிபட்டன, திருமேனிகளும் பண்டாரமும் கொள்ளை போயின. மூன்றாம் குலோத்துங்கன் காலத்தில், 1200-ஆம் ஆண்டளவில், சைவ மடமாகிய குகை ஒன்று தாக்குண்டு அதன் உடைமை அழிந்ததைத் திருத்துறைப்பூண்டிக் கல்வெட்டு கூறும். அந்நிகழ்ச்சிக்குக் குகையிடி கலகம் என்று பெயர். இவை கற்பனைக் கதைகள் அல்ல. நம்மவர் தம் கோயிற் சுவரிலேயே எழுதி வைத்தவை.

அக்காலத்துக் கல்வெட்டுகளுள் நெஞ்சை அறுப்பது 1201-ஆம் ஆண்டைச் சேர்ந்த திருப்பாம்புரக் கல்வெட்டு. பஞ்சம் வந்தது. வேளாளன் ஒருவனும் அவன் மகளிர் இருவரும் உணவின்றி உயிர்விடாமற் பிழைக்கும்பொருட்டு, 110 காசுக்குத் தம்மைக் கோயிலுக்கு அடிமைகளாக விற்றுக்கொண்டனர். கோயில் அவர்களுக்குச் சோறளித்தது; மறுத்திருந்தால் மாண்டிருப்பர். அச்சோற்றின் விலை அவர்களும், அக்கால வழக்கப்படி அவர்கள் வழியினரும் ஆவர். இதனை அருள் என்பதா, வாணிகம் என்பதா? கல்வெட்டு இரண்டும் கூறாது. தொகையை மட்டும் கூறும்.

இங்கிலாந்தில் இலண்டனுக்கு வடக்கே செயிண்டு ஆல்பன்சு என்னும் நகரில் பெரும்புகழ் பெற்ற மடம் ஒன்று இருந்தது. அதன் தலைவராக 1327 முதல் 1336 வரை விளங்கியவர் வாலிங்குபோர்டு ஊர் இரிச்சர்டு. அவர் ஒரு கொல்லன் மகன், இளமையில் தந்தையை இழந்து துறவியரால் வளர்க்கப்பட்டவர், கணிதத்தில் வல்லவர், கதிரும் திங்களும் இயங்குவதைக் காட்டும் வியத்தகு கடிகாரம் ஒன்றை அமைத்தவர். அத்தகையவர் செய்த ஒரு செயலே ஐம்பது ஆண்டுகளுக்குப்பின் தீயாய் மூண்டது.

மடத்துக் குடிகள் தம் தானியத்தை மடத்தின் ஆலையிலேயே அரைத்தல் வேண்டும். அரைகூலியாக ஒரு பங்கைக் கொடுத்தல் வேண்டும் என்பது மடத்தின் விதி. ஏழைகள் அதற்கு ஒளித்து வீட்டிலேயே திரிகையில் அரைத்தனர். வீட்டில் திரிகை வைத்திருத்தல் குற்றமாயிற்று! நம் நாட்டில் திரிகை இல்லாத வீடே அக்காலத்தில் அரிது. அது குற்றம் என்றால் எம் பாட்டிமார் நகைப்பர். மடத்தலைவர் இரிச்சர்டு வழக்காடி வென்று, வீடுதோறும் இருந்த திரிகைக் கற்களைப் பறித்துவரச் செய்து, மடத்தின் கூடத்தில் தளமாகப் பதிப்பித்தார். அன்றுமுதல் மடத்துக்கு வந்த குடிகள், தம் பாட்டனும் பாட்டியும் அரைத்த கற்களின்மேல் நடந்து சென்று வாரம் அளந்தனர்.

1348, 1349-ஆம் ஆண்டுகளில் கொள்ளைநோய் இங்கிலாந்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட மக்களைக் கொன்றது. ஆள் குறைந்தமையால் கூலி உயர்ந்தது. உயராமல் தடுக்கச் சட்டம் இயற்றினர். பிரான்சோடு நடந்த நெடும்போருக்காக மும்முறை தலைவரி விதித்தனர். செல்வனுக்கும் வறியவனுக்கும் மூன்றாம் வரி பெரும்பாலும் ஒன்றே. 1381-ஆம் ஆண்டு சூன் திங்களில் உழவர் எழுந்தனர். வாட்டு தைலர் தலைமை தாங்கினான். சான் பால் என்னும் எளிய குருவானவர், படைப்பில் மக்கள் யாவரும் ஒப்பர், அடிமைத்தனம் மனிதர் செய்தது என்று முன்னரே ஊரூராகச் சென்று கூறிச் சிறைப்பட்டிருந்தார். இலண்டனில் புகுந்தோர், நாட்டின் தலைமை ஆயரும் அமைச்சருமாகிய சைமன் சட்பரியைத் தலைதுணித்துக் கொன்றனர். அக்கொடுமையை எவ்வறத்தாலும் நேர்செய்தல் இயலாது.

செயிண்டு ஆல்பன்சில் நிகழ்ந்தது வேறு வகை. வில்லியம் கிரிண்டுகாப்பு என்பானைத் தலைவனாகக் கொண்டு நகர மக்கள் மடத்துள் புகுந்தனர். பொன்னுக்கும் மணிக்கும் செல்வதற்கு முன் கூடத்துக்குச் சென்றனர். தளத்தை அகழ்ந்தனர். திரிகைக் கற்களைப் பெயர்த்தெடுத்துச் சிறு துண்டுகளாக உடைத்து, கோயிலில் புனித அப்பத்தைப் பகிர்ந்தளிப்பதுபோல ஒருவர்க்கொருவர் பகிர்ந்துகொண்டு வீடு சென்றனர். இதனை எழுதி வைத்தவர் அம்மடத்துத் துறவியாகிய வால்சிங்காம் என்பவர். அவர் கலகக்காரரை வெறுத்தவர். ஆயினும் அந்த உவமை அவர் எழுத்திலேயே உளது. சமயத்தை எதிர்த்தவர்கள் சமயச் சடங்கின் வடிவத்திலேயே தம் உரிமையைக் கொண்டாடினர். அவர்கள் இறைவனை எதிர்க்கவில்லை. இறைவன் பெயரால் தம் திரிகையை எடுத்தவரை எதிர்த்தனர். இவ்வேறுபாட்டை உணராதார் இடைக்காலத்தை உணராதாரே.

பதினான்கு வயதுச் சிறுவனாகிய மன்னன் இரண்டாம் இரிச்சர்டு உழவர்க்கு உரிமைச் சாசனங்கள் வழங்கினான். கூட்டம் கலைந்தபின் அவற்றைச் செல்லாதனவாக்கினான். வாட்டு தைலர் வெட்டுண்டான். கிரிண்டுகாப்பு தூக்கிலிடப்பட்டான். சான் பால் அதே செயிண்டு ஆல்பன்சு நகரில் 1381 சூலைத் திங்கள் 15-ஆம் நாள் கொல்லப்பட்டார்.

இதற்கு 48 ஆண்டுகளுக்குப்பின், 1429-இல், தமிழ்நாட்டில் ஒரு நிகழ்ச்சி உளது. அன்று விசயநகரப் பேரரசன் இரண்டாம் தேவராயன் ஆட்சி. அவன் அலுவலரும், நிலவுரிமை பெற்ற காணியாளரும் வரி மேல் வரி வாங்கிக் குடிகளை வருத்தினர். முன்னர் ஒருவரையொருவர் எரித்துக்கொண்ட வலங்கையாரும் இடங்கையாரும் அப்பொழுது ஒன்றுகூடினர். இன்ன நிலத்துக்கு இன்ன வரியே இறுப்போம். முறையின்றிக் கேட்போருக்குத் துணைபோகோம். கணக்கெழுதி உதவும் நம்மவரையும் ஒறுப்போம் என்று உடன்பட்டனர். அவ்வுடன்பாட்டை விருத்தாசலம், கொறுக்கை முதலிய ஊர்க் கோயிற்சுவர்களில் கல்லில் வெட்டுவித்தனர். ஆங்கில உழவர் மடத்துத் தளத்தைப் பெயர்த்தனர். தமிழ்க் குடிகள் கோயிற்சுவரில் எழுதினர். ஊரார் யாவரும் வந்து காணும் இடம் கோயில். அழியாத ஏடு அதன் கல். வரியும் வாரமும் வாங்கிய அக்கோயிலே குடிகளின் முறையீட்டுக்கும் இடந்தந்தது. ஆயினும் இதனைக் கொண்டு தமிழகத்து உழவன் நலமுற வாழ்ந்தான் என்று முடிவு கட்டுதல் தவறு. நிலத்தில் இறங்கி உழைத்தவருள் கடைநிலையிலிருந்த பறையரும் பள்ளரும், தாம் விளைத்த நெல்லில் அமுது படைக்கப்பட்ட கோயிலுள் அடிவைக்கவும் இசைவு பெற்றிலர். 1939-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுள் அவர்கள் நுழைந்த நாள்வரை, பாண்டிய நாட்டுப் பெருங்கோயில்களில் அந்நிலை மாறவில்லை.

செயிண்டு ஆல்பன்சு மடம் 1539-இல் மூடப்பட்டது. எட்டாம் என்றி மன்னன் 1536 முதல் 1540 வரை இங்கிலாந்தின் மடங்கள் அனைத்தையும் கலைத்து, அவற்றின் நிலங்களைக் கைப்பற்றினான். குளூனியின் சாபம் போன்ற சாபங்கள் எவையும் அவனைத் தடுக்கவில்லை. அந்நிலங்களிற் பெரும்பகுதியைப் பிரபுக்களும் செல்வரும் விலைகொடுத்து வாங்கினர். உழவன் வாரம் அளக்கும் களம் மாறிற்று. அளக்கும் கடமை மாறவில்லை.

தமிழ்நாட்டில் 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் சமீன்தாரி முறை ஒழிந்தது. கோயில் நிலங்கள் கோயிலுக்கே நின்றன. அவற்றின் ஆட்சியை 1951-ஆம் ஆண்டுச் சட்டமும், பின்னர் 1959-ஆம் ஆண்டுச் சட்டமும் அறநிலையத் துறையிடம் ஒழுங்குபடுத்தின. நிலத்தை உழும் குத்தகையாளனைப் பற்றி 1955-இல் ஒரு சட்டமும், பொது அறநிலையங்களின் வேளாண் நிலம் பற்றி 1961-இல் மற்றொரு சட்டமும் வந்தன. குத்தகையை முறையாகச் செலுத்திவரும் உழவனை நிலத்தினின்று வெளியேற்றுதல் கூடாது என்பது அவற்றின் உள்ளுறை. சட்டம் எழுதியோர் அதற்கு நீண்ட ஆங்கிலப் பெயர் வைத்தனர். சோழர் காலத்துக் கல்வெட்டெழுதுவான் அவ்விடத்தில் இருந்திருப்பின், குடிநீங்கா என்று ஒரே சொல்லில் வெட்டியிருப்பான்.